ஐஸ்பெட்டியும் பச்சை நூலும்

மீன் பிடிக்கிற ஊரில் ஐஸ்பெட்டி வைத்திருப்பது கிணற்றடியில் நின்று தண்ணீர் விற்கிற மாதிரியான தொழில். முதலில் சிரிப்பார்கள், பிறகு வாளியோடு வந்து நிற்பார்கள்.

எங்கள் வீட்டு விறாந்தையில் மேலே மூடி திறக்கிற பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது. ஐஸ்கட்டியும் ஐஸ்பழமும் விற்கிறேன். அயலவர்களின் மீன், இறைச்சி, கறி எல்லாம் வாங்கி வைத்துக்கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்து, அதற்குள் உங்கள் சாமானைவிட ஊராரின் சாமான் கூடவாக இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு இது வெறும் குளிர். எங்களுக்குத்தான் தெரியும், மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவரின் நம்பிக்கைக்குள் கை விடுகிறோம் என்று.

ஐஸ் மீன்

இவருடைய, அதுதான் என் புருசனுடைய, தமையன் மன்னார் ரவுனில் கூல்பார் வைத்திருந்தார். அதை மூடிவிட்டு வவுனியாவுக்குப் போகிற நேரம் பெட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டார். லான்மாஸ்ரர் என்கிற கை உழவுமெசினில் நிறுத்திக் கயிறு போட்டுக் கொண்டு வந்தோம். பஸ்ராண்ட் அடியில் இரண்டு கழுதைகள் வழியை மறித்து நின்றன. ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. அதுகளுக்கும் பெட்டி பார்க்க ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் 'ஐஸ் மீன்' என்பது சாப்பாட்டின் பெயரில்லை, ஏச்சு. சம்பந்தம் பேசப் போன வீட்டில் மரியாதை காணாது என்றால், "ஐஸ் மீன் வைச்சவை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஆகவே பெட்டி வந்திறங்கிய அன்று பக்கத்து வளவுச் சூசை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்ததை நான் குறையாக எடுக்கவில்லை. கடல் போகிற மனுசன், கடலே தன் பெட்டி என்றார்.

பிறகு சோளகக் காற்றுப் பிறக்கப்போகிற அறிகுறி தெரிந்தது. இனி வள்ளம் இறங்காது. கடைசி வலைப்பாட்டில் சூசை அண்ணைக்கு நல்ல பாரை பட்டிருந்தது. பின்னேரம் ஒழுங்கையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, துண்டு போட்டு, கழுவி, தண்ணீர் வடியவிட்டு, பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பையை என் கையில் தந்துவிட்டு மிகவும் பாரதூரமான முகத்தோடு சொன்னார்: "பிள்ளை, இது ஐஸ் மீன் இல்லை. பச்சை மீன்தான், கொஞ்ச நாள் ஐஸுக்குள்ளை இருக்கப்போகுது."

பச்சை நூல்

ரஹீமா எங்கள் பின் ஒழுங்கைக்காரி. பிள்ளை நிறுக்கிற கிளினிக்கில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து சிநேகிதமானோம். என் மகள் அப்போது தவழத் தொடங்கிவிட்டாள். அவளுடைய மகன் கைப்பிள்ளை. பிள்ளைக்கு ஐந்து மாதமாகிற நேரம் அவள் புருசனுக்குக் கட்டாரில் வேலை நின்றுபோனது. அதே கிழமை தையல் ஃபக்டரியில் அவளுடைய பழைய வேலைக்குத் திரும்பி வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போகத்தான் வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை என்ன செய்வது?

மருத்துவிச்சி அம்மா வழி சொன்னார்: பாலை எடுத்து உறைய வைக்கலாம், பகலில் மாமியார் கொடுக்கலாம். மாமியார் கதீஜா உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். கிளினிக் தராசில் பேரன் கொஞ்சம் குறைந்தாலும் ரஹீமா அன்றோடு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். ஆக, என் பெட்டிக்குள் சூசை அண்ணையின் பாரைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பசியும் ஒரு பெண்ணின் வேலையும் வந்து குந்திக்கொண்டன.

இதற்கு நாங்கள் வைத்த ஒழுங்கு பெரிய வித்தையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. சின்னப் போத்தலையும் மூடியையும் கொதிக்க வை. ஒரு தரம் குடிக்கிற அளவுதான் ஒரு போத்தலில். வாய்வரைக்கும் நிரப்பாதே, உறையும்போது பால் பொங்கும். எடுத்த சூட்டோடு கொண்டுவராமல் குளிர்தண்ணீரில் வைத்து ஆற்று. பெட்டியில் மூடிக்குக் கிட்ட வைத்தால் திறக்கிற நேரமெல்லாம் வெக்கை படும், ஆகவே அடியில் வை. முன்னுக்கு வந்தது முன்னுக்குப் போக வேண்டும். இளகவைக்கிற நேரம் அடுப்பில் காய்ச்சாதே, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை நிறுத்து. பிள்ளை குடித்து மிச்சம் விட்டால் கீழே ஊற்றிவிடு.

பேனையால் எழுதி ஒட்டினால் ஈரத்தில் எழுத்து அழிந்துவிடும். அதனால் நூல் கட்டினோம். நான் ரவுனுக்குப் போகிற நாளுக்கென்று என் மகளுக்கும் ஒன்றிரண்டு போத்தல் வைப்பதுண்டு. எனக்குச் சிவப்பு, ரஹீமாவுக்குப் பச்சை. "மாறிப் போச்செண்டால் சும்மா இல்ல" என்றாள் ரஹீமா. அவர்களுடைய முறையில் ஒரு தாயின் பாலைக் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்த மாதிரி. பிறகு தங்களுக்குள் கலியாணம் செய்ய முடியாது. நான் அதற்கு முன்னம் நூலை மீன் பொதிக்கு மட்டும்தான் கட்டியிருந்தேன். அன்றிலிருந்து முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன்.

முதல் நாள் பால் எடுக்க வந்த கதீஜா உம்மா, மூடியைத் திறந்ததும் மேலெழும்பின வெள்ளைப் புகையைப் பார்த்து, செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "மையத்து வைக்கிற பெட்டி மாதிரிக் கிடக்கு. இதுக்க இருந்தா என்ட பேரனுக்குச் சாப்பாடு வருது?"

சேர்க்கமாட்டன்

பெட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு பிலோமினா அக்கா இருப்பார். எங்கள் பிலோமினா அக்கா மத்தியானத்துக்குப் பிறகு கரையில் மலிவாய்ச் சூரை வாங்கி, அந்தப் பையோடேயே தங்கச்சி வீட்டுக்குப் போய், கதைத்து, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் என்னிடம் வந்தார். பையைத் திறந்தேன். கண் உள்ளே போயிருந்தது, செவுள் மண்ணிறம், வயிறு விரல் வைக்க அமுங்கியது.

வைக்க ஏலாது என்றேன். உறைந்தால் சரியாகிவிடும் என்றார். அக்கா மட்டுமில்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். குளிர் எதையும் சுகப்படுத்தாது. கெட்டுப்போகிறதை நித்திரையாக்கும், அவ்வளவுதான். பெட்டியால் வெளியே எடுத்து இளகவிட்டதும் அது விட்ட இடத்திலிருந்து எழும்பி வேலை செய்யும். வெயிலில் கிடந்த சூரை இன்னும் மோசம். சமைத்தாலும் அந்தக் கேடு போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு அரிக்கும். இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொன்னேன். அக்கா பையை மூடிக்கொண்டு படியிறங்கினார், கேற்றடியில் திரும்பினார். "ஆஸ்பத்திரியிலை சாகக் கிடக்கிறதையும் சேர்க்கினம். நீ என்னடியெண்டால் என்ர சூரையைச் சேர்க்கமாட்டன் எண்டிறாய்."

மச்சாளின் சட்டி

இவருடைய அக்கா லூர்து மச்சாளின் மகனுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. மாட்டிறைச்சிக் கறி மிஞ்சிப்போனது. மச்சாள் பெரிய சட்டியோடு, ஆவி பறக்கப் பறக்க, இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். "திற."

நான் திறக்கவில்லை. அந்தச் சூடு உள்ளே இறங்கினால் பக்கத்தில் இருக்கிற எல்லாம் இளகும்; அடியில் பச்சை நூல் போத்தல்கள். அப்படியென்றால் அடுப்படியில் வைத்து விடிய ஆறினபிறகு கொண்டுவாறன் என்றார். அது அதைவிடக் கூடாது. பெரிய சட்டியில் மேல் ஆறினாலும் நடு விடியுமட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும், கறி பழுதாகிறது அந்த வெதுவெதுப்பில்தான். ஆகவே குசினியில் இருந்த தட்டம், தாம்பாளம் எல்லாம் எடுத்து, கறியை மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் விட்ட பேசின்களில் நிறுத்தினோம். ஒரு செபமாலையும் ஒரு தேத்தண்ணியும் முடிகிற நேரத்துக்குள் ஆறிவிடும், சின்னச் சின்னப் பொதியாகக் கட்டி உள்ளே வைக்கலாம் என்பது என் கணக்கு.

விறாந்தை முழுக்கக் கறி பரப்பி வைத்தால் என்ன நடக்கும் என்பது என் கணக்கில் இருக்கவில்லை. முதல் நன்மைக்கு வாழ்த்துச் சொல்லப் பிந்தி வந்தவர்கள் அந்த வழியால் போனார்கள். போனவர்கள் நின்றார்கள். யாரோ தொட்டுச் சாப்பிடப் பாண் வாங்கி வந்தார்கள். மச்சாள் வெறும் தட்டங்களை அடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நல்லா ஆத்தினாய் பிள்ளை. இப்ப சட்டியும் ஆறிற்றுது, ஊரின்ர வயிறும் ஆறிற்றுது."

பெட்டியின் முக்காடு

ஒரு கலியாணத்துக்குச் சூசை அண்ணை பன்றி இறைச்சி வாங்கி வந்து வைக்கக் கேட்டார். ரஹீமாவின் போத்தல் இருக்கும்வரைக்கும் அது மட்டும் வேண்டாம் அண்ணை, குறை நினைக்காதையுங்கோ என்றேன். அண்ணை கோபிக்கவில்லை, ஆனால் சும்மா போகவும் மனம் வரவில்லை. "எப்பயிருந்து பிள்ளை உன்ர பெட்டி தொப்பி போட்டது?" என்று கேட்டார்.

மத்தியானப் பாலுக்கு மூடிச் சட்டியோடு வந்த கதீஜா உம்மா கேற்றடியில் நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. மெல்ல உள்ளே வந்து, சூசை அண்ணையைத் தாண்டி, பெட்டி மூடியில் கையை வைத்தார். "தொப்பி இல்ல தம்பி, முக்காடு. பெட்டி பொம்பிளை."

மாதா வந்த வீடு

ஒக்ரோபர் செபமாலை மாதம். மாதா சொரூபம் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இரவு தங்கும். எங்கள் முறை வந்தது. இவர் கடலுக்குப் போகாமல் நின்று விறாந்தையில் பீடம் செய்து, வெள்ளைச் சீலை கட்டி, நிறம் மாறி மாறி எரிகிற வயர் பல்ப் எல்லாம் சுற்றினார். அழகாகத்தான் இருந்தது. நானும் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். ஆனால் எங்கள் விறாந்தையில் ப்ளக் குத்துகிற பொயின்ற் ஒன்றே ஒன்றுதான்.

செபம் சொல்ல ஊர் வந்தது. சர்பத்துக்கு ஐஸ் எடுக்க ஆள் மாறி ஆள் மூடியைத் திறந்தார்கள். மூடியை முட்டத் திறந்துவைத்துக்கொண்டே கதைத்தவர்களும் உண்டு. பாட்டுச் சத்தத்தில் பெட்டியின் இரைச்சல் கேட்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. விடிய மாதாவை அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபிறகு விறாந்தை துடைக்க வந்தேன். பெட்டிக்குக் கீழே என் கால் தண்ணீரில் பட்டது. மல்லிகைப்பூவும் மெழுகுதிரித் துண்டும் அந்தத் தண்ணீரில் மிதந்தன.

இவர் பல்ப் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்கென்று பிடுங்கியது, திரும்பப் போட மறந்துவிட்டது. அவராகவே சொன்னார். "மாதா இருக்கிற இடத்திலை ஒண்டும் பழுதாகாதெண்டு நினைச்சன்."

முருங்கையடி

பெட்டியை ஒவ்வொன்றாய்க் கிளறினேன். அடியில் கிடந்த மீன்களில் சிலது இன்னும் கல்லுப்போல இருந்தது, அவற்றுக்குப் பயமில்லை. கொஞ்சம் இளகினாலும் நடுவில் ஐஸ் நின்றதுகளை உடையவர்களிடம் கொடுத்து, இன்றைக்கே சமையுங்கோ என்று சொல்லி அனுப்பினேன். முழுக்க இளகி வெதுவெதுத்ததைக் குழி வெட்டித் தாட்டேன். பச்சை நூல் போத்தல்களை ஐஸ் எடுத்த கைகள் கிளறி மேலே கொண்டுவந்து விட்டிருந்தன. ஒன்றிலும் ஒரு துண்டு ஐஸ் இல்லை. ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர்போல ஆடியது.

"ப்ளக்கைப் போட்டாச்சு. பின்னேரத்துக்குள்ளை திரும்ப இறுகிடும்" என்றார் இவர், மெல்லமாக. அதுதான் பயம். திரும்ப இறுகினால் நல்ல பாலும் கெட்ட பாலும் ஒரே வெள்ளை. பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. குடித்தபிறகு பிள்ளையின் வயிறுதான் சொல்லும்.

ரஹீமா விடியவே பஸ்ஸுக்குப் போயிருந்தாள். கதீஜா உம்மா வருகிற நேரம் நான் முருங்கையடியில் குந்தியிருந்து போத்தல்களை ஊற்றிக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். இவர் ப்ளக்கைப் பிடுங்கினதையும் சொன்னேன். ஏச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். மனுசிக்கு இப்போது சாட்டுக் கிடைத்துவிட்டது. நாளைக்கு ரஹீமா வேலைக்குப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உம்மா என் பக்கத்தில் குந்தி, காலிப் போத்தல் ஒன்றை எடுத்து, அதன் பச்சை நூலை விரலால் தடவினார்.

"சுபஹுத் தொழுகைக்கு முன்னம் எழும்பிடுவாள்" என்றார். "நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு, விளக்குப் போடாம இருந்து எடுப்பாள். ஒரு போத்தலுக்கு எவ்வளவு நேரம் செல்லும் தெரியுமா?"

எனக்குத் தெரியும். பிள்ளை பசியில் இருக்குமே உம்மா, என்னட்டைப் பால் இருக்கு, நான் குடுக்கட்டோ என்று கேட்டேன். உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ குடுத்தா ஒன்ட மகள் அவனுக்கு அக்கா ஆகிடுவாள். பிறகு அவனுக்குப் பொண்ணு பார்க்கக்க ஒரு வீடு குறையும்."

"எங்கட மகளை நாங்கள் எப்பிடியும் உங்களுக்குத் தரமாட்டம் உம்மா. கோயிலிலை பாதிரிச் சுவாமி விடமாட்டார்."

"நாங்க கேக்கவும் மாட்டம்" என்றார். அந்தத் துக்கத்துக்குள்ளும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, வெறும் சட்டியை என் கையில் தந்தார். நான் ரஹீமாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய செய்தி இதோ வருகிறது என்று நின்றேன். உம்மா ஒழுங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஃபக்டரிப் பக்கம் அடுத்த பஸ் எப்ப புள்ள?"

ஆருடைய பொயின்ற்

அன்று மட்டுமில்லை. பெட்டியில் திரும்பப் போத்தல் சேருமட்டும் நாளாந்தம் மத்தியானம் பேரனைத் தோளில் போட்டு, குடை பிடித்து, பஸ் ஏறிப் போனார். சாப்பாட்டு மணியடித்ததும் ரஹீமா ஓடி வருவாளாம். கேற்றடி வேம்புக்குக் கீழே காவல்காரர் உம்மாவுக்கென்று ஒரு கதிரை போட்டுவைப்பாராம். முதல் நாள் ரஹீமா பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டதென்று அழுதுகொண்டு வந்தாளாம். உம்மா அவளிடம் மாதாவையும் சொல்லவில்லை, ப்ளக்கையும் சொல்லவில்லை. "புள்ளைக்குத் தாயைப் பார்க்க வேணுமாம்" என்றுமட்டும் சொன்னாராம். பின்னேரம் நான் போய் எல்லாம் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. காலிப் போத்தல்களைத் தா, கொதிக்க வைக்க வேணும் என்றாள்.

கிளினிக் நாள் வந்தது. நானும் மகளோடு வரிசையில் இருந்தேன். தராசில் பிள்ளையை வைக்கிற நேரம் உம்மா பார்க்கமாட்டாமல் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். மருத்துவிச்சி அம்மா "கூடியிருக்கு" என்றார். உம்மா திரும்பவில்லை, முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ரஹீமா அடுத்த நாளும் வேலைக்குப் போனாள்.

அந்தக் கிழமையே இவர் வயர்காரரைக் கூட்டிவந்து விறாந்தையில் இரண்டாவது பொயின்ற் அடிப்பித்தார். அதைப் பார்க்கக் கதீஜா உம்மாவும் வந்திருந்தார். இடுப்பிலிருந்து பச்சை நூல்பந்து ஒன்றை எடுத்தார். பெட்டியின் ப்ளக்கைச் சுற்றி, பக்கத்து ஆணியோடு சேர்த்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். உம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்: "இது என்ட பேரன்ட பொயின்ற். உங்கட மாதா மர்யமுக்கு மற்றதில பல்ப் போடுங்க மகன். அவவும் கைப்புள்ளை வளர்த்தவதானே, கோவிக்கமாட்டா."

ஐஸ்பெட்டி வைத்துச் சீரழிகிற என் உடன்பிறப்புகளே, பெட்டிக்குள் இருப்பதைக் குளிர் காக்கும் என்று சும்மா இருந்துவிடாமல், பக்தியுள்ள புருசனிடமிருந்து அந்தக் குளிரைக் காக்க ஒரு முழம் நூலும் வாங்கி வையுங்கோ.